சிக்னலில் நின்ற காரை இடித்தார்கள், என் போனஸ் ஏன் போகணும்?

2025 மார்ச் 8, காலை (கேள்வி)

நேற்று சாயங்காலம் பெருங்களத்தூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த வேன் பிரேக் பிடிக்காமல் வந்து இடித்துவிட்டது. பின் பம்பர் உடைந்து தொங்குகிறது, இடது பக்க டெயில் லாம்ப் போச்சு. யாருக்கும் அடி இல்லை. வேன் டிரைவரே தன் தப்பு என்று ஒத்துக்கொண்டார், ஓனர் நம்பரும் கொடுத்தார். சர்வீஸ் சென்டரில் "உங்க இன்சூரன்ஸ்ல கிளெய்ம் போட்டுடலாம் சார், ஒண்ணும் பிரச்னை இல்லை" என்கிறார்கள். ஐந்தாவது வருஷம் ஓடுகிற 1200 சிசி கார், 45% என்.சி.பி.யில் (கிளெய்ம் எடுக்காததற்கு ரினியூவலில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி) இருக்கிறேன். தப்பு என் மேல் இல்லையே, அப்போது என்.சி.பி. போகாதுதானே?

2025 மார்ச் 8, இரவு (பதில்)

போகும். முழுசாகப் போகும். உங்கள் பாலிசியில் ஓ.டி. (சொந்த வண்டிச் சேத) கிளெய்ம் ஒன்று பாஸ் ஆனால் அடுத்த ரினியூவலில் என்.சி.பி. பூஜ்யம். தப்பு யார் மேல் என்று அந்த இடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். அதுவரை சர்வீஸ் சென்டரில் கிளெய்ம் ஃபார்மில் கையெழுத்துப் போட வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து நடந்த தகவலை மட்டும் போனிலோ ஆப்பிலோ இன்றைக்கே சொல்லி வையுங்கள், தாமதமாகச் சொன்னால் அதையே காரணம் காட்டுவார்கள். தகவல் சொன்னதற்கும் கிளெய்ம் எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பணம் வாங்காமல் மூடிவிட்டால் போனஸ் நிற்கும், ஆனால் மூடியதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

2025 மார்ச் 9

2019இல் எனக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். கத்திப்பாராவில் இறங்கும் இடத்தில் டிராஃபிக்கில் நிற்கிறேன், பின்னால் லோடு ஏற்றிய குட்டி யானை. டிக்கி கதவு உள்ளே மடங்கி, பின் பேனல் வரைக்கும் போய்விட்டது. எஸ்டிமேட் அறுபதாயிரத்தைத் தாண்டியது. அந்த அளவு செலவைக் கையிலிருந்து போட முடியாது, ஜீரோ டெப்பும் (தேய்மானம் கழிக்காமல் பாகங்களின் விலையைத் தரும் கூடுதல் கவர்) இருந்தது, கிளெய்ம் போட்டேன். வேலை நன்றாகவே முடிந்தது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தார், "பின்னால் வந்த வாகனம் மோதியது" என்று அவர் ரிப்போர்ட்டிலேயே எழுதினார். ரினியூவல் நோட்டீஸ் வந்தபோது 50% இருந்த இடத்தில் 0 என்று இருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்து வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. பிரேக்கில் கால் வைத்து நின்றதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பிரீமியத்தில் இரண்டு பகுதி. தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி, சட்டப்படி கட்டாயம், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு. அதன் தொகையை அரசு நிர்ணயிக்கிறது: 1000 முதல் 1500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு 2022 ஜூனிலிருந்து வருஷத்துக்கு ரூ.3,416. இதில் போனஸ் என்ற பேச்சே கிடையாது. இன்னொன்று ஓ.டி., அதாவது நம் சொந்த வண்டிக்கான சேதம். என்.சி.பி. இந்தப் பகுதிக்கு மட்டும்தான். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு அப்புறம் 20%, பிறகு 25, 35, 45, கடைசியில் 50. அதற்கு மேல் ஏறாது. ஒரே ஒரு கிளெய்ம் எடுத்தால் மறுபடி அடிப்படியிலிருந்து ஏற வேண்டும்.

நிறைய பேர் நினைப்பது, ஒரு வருஷத் தள்ளுபடிதானே போகிறது என்று. இல்லை. 50%இல் இருப்பவர் கிளெய்ம் எடுத்தால் அடுத்த வருஷம் 0 (50 நஷ்டம்), அதற்கடுத்து 20 (30 நஷ்டம்), பிறகு 25 (25 நஷ்டம்), 35 (15), 45 (5). கூட்டினால் 125. அதாவது தள்ளுபடிக்கு முந்தைய ஓ.டி. பிரீமியம் எவ்வளவோ அதைப்போல் ஒன்றேகால் மடங்கை ஐந்து வருஷத்தில் திருப்பிக் கட்டுகிறீர்கள், அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. வேறு. இந்தத் தொகையை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் எஸ்டிமேட்டைப் பாருங்கள். சர்வீஸ் சென்டரில் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு இன்சூரன்ஸ் வேலை என்றால் பில் சுலபம்.

2025 மார்ச் 9, மாலை

மேலே சொன்ன 125 என்பது 45, 50 படியில் இருப்பவர்களுக்கு. கீழே இருப்பவர்களுக்குக் குறையும். 35%இல் இருந்தால் 120, 25 என்றால் 105, 20 என்றால் 80. புது வண்டி, முதல் வருஷத்திலேயே இடி வாங்கிவிட்டது என்றால் 50தான். ஆக முதல் வருஷ வண்டிக்குப் பெரிய செலவென்றால் யோசிக்காமல் கிளெய்ம் போடலாம்.

இன்னொன்று. கிளெய்ம் எடுத்தால் என்.சி.பி.யோடு நிற்காது. 2007 ஜனவரியிலிருந்து ஓ.டி. விலையை கம்பெனிகளே முடிவு செய்கின்றன. அடிப்படை விலையில் அவர்கள் கொடுக்கும் தள்ளுபடியும் கிளெய்ம் வரலாறு உள்ள வண்டிக்குக் குறையலாம். ரினியூவல் தொகையில் இது தனி வரியாகத் தெரியாது, பிரீமியம் ஏறியிருப்பதாக மட்டும் தெரியும்.

2025 மார்ச் 10

ஒருவர் கேட்டிருந்தார்: அப்போது இடித்தவருக்கு என்ன ஆகும்? அவர் வண்டியில் கீறல்தான் என்றால் அவர் ஓ.டி. கிளெய்ம் எடுக்கமாட்டார். அவர் பாலிசியிலிருந்து உங்களுக்குத் தேர்டு பார்ட்டி இழப்பீடு போனாலும் அவருடைய என்.சி.பி. தொடப்படாது, ஏனென்றால் அது ஓ.டி.க்கு மட்டும் உரியது. ஆக இடித்தவருக்கு போனஸ் அப்படியே நிற்கிறது, நின்றவருக்குப் போகிறது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை. பாலிசியைப் பிரித்துக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

2025 மார்ச் 11

"எதிராளி இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளலாமே" என்று மூன்று நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி முடியும். எம்பரிவாகன் ஆப்பில் வேன் நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கார், வேன் போன்ற வண்டிகளின் பாலிசியில் மூன்றாம் நபரின் பொருள் சேதத்துக்கு ரூ.7.5 லட்சம் வரை கவர் உண்டு, டூவீலர் என்றால் ஒரு லட்சம். பம்பருக்கும் லாம்புக்கும் இது தாராளம்.

ஆனால் அந்தக் கம்பெனி கவுண்டரில் போய் பில்லைக் கொடுத்தால் காசு வராது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும், நம் ஊரில் வக்கீல்கள் எம்.சி.ஓ.பி. என்பார்களே அதுதான். சென்னையில் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் இந்தத் தீர்ப்பாயமாகவும் செயல்படுகிறது. விபத்து நடந்த ஊரில் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். 2019 திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போயாக வேண்டும். முன்பு இப்படிக் கெடு கிடையாது, பழைய நினைப்பில் இருக்கும் ஏஜென்ட்கள் இன்னமும் "எப்ப வேணா போடலாம் சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மனுவுக்குப் போலீஸ் காகிதம் வேண்டும். பொருள் சேதம் மட்டும் என்றால் பல ஸ்டேஷன்களில் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவைப்பார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டால் வண்டியை நிறுத்தணும், பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கணும் என்பார்கள். வேலைக்குப் போகிற மனுஷன் பயந்து, "வேண்டாம் சார், சி.எஸ்.ஆர். போதும்" என்று வந்துவிடுவான். பிறகு தீர்ப்பாயத்தில் யார் தப்பு என்று நிரூபிக்க அந்த ரசீது எவ்வளவு தாங்கும் என்பது கேள்வி. டேஷ்கேம் இருந்தால் அந்தக் காட்சியை உடனே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள், பழையதன் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டிருக்கும்.

என் தங்கை வீட்டுக்காரர் காரை ஒரு தனியார் டேங்கர் லாரி உரசியது. அவரிடம் தேர்டு பார்ட்டி மட்டும்தான், அதனால் வேறு வழியில்லாமல் மனுப் போட்டார். வாய்தா மேல் வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீல் வராத நாள்கள், ஜட்ஜ் மாற்றலான நாள்கள். பணம் வட்டியோடு வந்தது உண்மை. ஆனால் மாப்பிள்ளை அதற்குள் அந்தக் காரையே விற்றுவிட்டார். இருபதாயிரம் ரூபாய் பம்பருக்கு இந்தப் பாதை பொருந்தாது. பெரிய சேதம், கையில் ஓ.டி. இல்லை, எதிராளியின் பாலிசி நடப்பில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டும் போகலாம். உடம்புக்கு அடி பட்டிருந்தால் கதையே வேறு, அப்போது கட்டாயம் மனுப் போடுங்கள், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

2025 மார்ச் 11, இரவு

அரசு பஸ் இடித்தால்? அங்கே இன்சூரன்ஸ் கம்பெனியே இல்லாமல் இருக்கலாம். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி வைத்துக்கொண்டு பாலிசி எடுக்காமல் இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. மனுவில் கழகத்தையே நேரடியாகச் சேர்க்க வேண்டும். இழப்பீடு கட்டாததால் கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டில் வந்து பஸ்ஸை ஜப்தி செய்தார் என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோமே, அது இந்த வகை வழக்குகளின் கடைசிக் கட்டம்தான்.

2025 மார்ச் 15

வேன் ஓனர் பணம் தருகிறேன் என்கிறாராம், ஆனால் "இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கேட்கிறாராம். கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதிக் கொடுப்பதற்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்கள் பாலிசியில் இதற்குக் கிளெய்ம் எடுக்கப்போவதில்லை என்று உறுதியா? நம் எல்லோருடைய மோட்டார் பாலிசியிலும் நிபந்தனைப் பகுதியில் இரண்டாவதாக ஒரு பத்தி இருக்கும். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் நீங்கள் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவோ, வாக்குக் கொடுக்கவோ கூடாது என்றும், உங்கள் பெயரில் எதிராளி மேல் வழக்குப் போட்டுத் தன் பணத்தை மீட்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு என்றும் அதில் எழுதியிருக்கும். அந்த உரிமையை நீங்கள் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட்டு, அப்புறம் உள்ளே சேஸிஸ் மெம்பர் வளைந்திருக்கிறது என்று தெரிந்து கிளெய்ம் போனால் கம்பெனி மறுக்க இடம் கிடைத்துவிடும்.

அதனால் பம்பரைக் கழற்றி உள்ளே பார்க்காமல் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். ஒரு நல்ல டிங்கர் அரை மணி நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். வெளியே பம்பர் மட்டும் விரிசல் விட்ட மாதிரி இருக்கும், உள்ளே கிராஷ் பார் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும்.

2025 மார்ச் 16

"கிளெய்ம் எடுத்துட்டு அடுத்த வருஷம் வேற கம்பெனிக்கு மாறிடுங்க, கிளெய்ம் இல்லைன்னு டிக் பண்ணினா என்.சி.பி. அப்படியே வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்கும், இப்போது இந்தத் தகவல்கள் எல்லாம் பொதுத் தரவுத்தளத்திலேயே இருக்கின்றன. உடனே கண்டுபிடிக்காவிட்டாலும், நாளைக்குப் பெரிய விபத்து நடந்து கிளெய்ம் போடும்போது தோண்டுவார்கள். நாலாயிரம் ரூபாய் தள்ளுபடிக்காக நாலு லட்ச ரூபாய் கிளெய்மைப் பணயம் வைப்பது அது.

2025 மார்ச் 22

பேச்சு வெள்ளத்துப் பக்கம் போய்விட்டது, அதுவும் நியாயமான கேள்விதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் காரை முங்கக் கொடுத்தவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? அவர்களுக்கும் கிளெய்ம் எடுத்ததும் என்.சி.பி. போனது. இதற்கு மேல், தண்ணீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் அடைத்துக்கொண்டால் எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இல்லாத பாலிசியில் அதற்கும் மறுப்பார்கள். வண்டி நின்ற இடத்தில் மூழ்கியிருந்தால் சாவியைத் தொடாமல் டோ வண்டியை அழையுங்கள்.

என்.சி.பி. புரொடெக்ட் என்று ஒரு ஆட்-ஆன் இருக்கிறதே, எடுக்கலாமா? முதலில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, வருஷா வருஷம் தண்டம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் மடங்குக் கணக்கைப் போட்டுப் பார்த்தபிறகு, 45 அல்லது 50 படியில் இருந்துகொண்டு தினமும் ஜி.எஸ்.டி. சாலையிலோ ஓ.எம்.ஆரிலோ ஓட்டுகிறவர்கள் எடுப்பது சரி என்று இப்போது தோன்றுகிறது. வருஷத்துக்கு எத்தனை கிளெய்ம் வரை, அதே கம்பெனியில் புதுப்பித்தால்தான் செல்லுமா என்ற இரண்டையும் படித்துவிட்டு எடுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

2025 ஏப்ரல் 3

லண்டனிலிருந்து எழுதிய நண்பருக்கு நன்றி. அங்கே உங்கள் கம்பெனி எதிராளியின் கம்பெனியிடமிருந்து முழுச் செலவையும் வாங்கிவிட்டால் உங்கள் நோ கிளெய்ம் வருஷங்கள் அப்படியே நிற்கும் என்பதும், ஆனாலும் அடுத்த வருஷம் பிரீமியம் ஏறக்கூடும் என்பதும், தப்பில்லாத விபத்தையும் புதுக் கம்பெனியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். அங்கேயும் முழு நியாயம் இல்லை. ஆனால் பணத்தை யாரிடமிருந்து வாங்க வேண்டுமோ அவரிடம் போய் வாங்குகிறார்கள், அது பாதி வழி. இங்கே ஒவ்வொரு கம்பெனியும் தன் வாடிக்கையாளர் செலவைத் தானே பார்த்துக்கொள்வது என்று தங்களுக்குள் வைத்திருக்கும் நாக் ஃபார் நாக் ஏற்பாடு கம்பெனிகளுக்கு மிச்சம். ஒருவருக்கொருவர் வழக்குப் போடும் செலவு இல்லை. அந்த மிச்சத்தில் இடிபட்டவரின் போனஸும் சேர்ந்திருக்கிறது என்பதுதான் என் மனக்குறை.

2025 ஏப்ரல் 5

எஸ்டிமேட்டைப் போட்டதற்கு நன்றி, இப்போது கணக்குப் பார்க்கலாம். பின் பம்பர் 6,500. டெயில் லாம்ப் 5,200. பெயின்டிங் 6,000. டிங்கரிங், பிட்டிங் கூலி 3,300. மொத்தம் 21,000.

உங்களிடம் ஜீரோ டெப் இல்லை. பம்பரும் லாம்பும் பிளாஸ்டிக், தேய்மானம் என்று பாதி விலை உங்கள் தலையில்: 3,250 + 2,600. பெயின்டிங் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 750. 1500 சிசி வரைக்கும் கட்டாயக் கழிவு 1,000. ஆக 7,600 உங்கள் கையிலிருந்து, கம்பெனி தருவது 13,400.

உங்கள் ஓ.டி. தள்ளுபடிக்கு முன் 9,600 என்று நோட்டீஸில் இருக்கிறது. ஒன்றேகால் மடங்கு 12,000, ஜி.எஸ்.டி. சேர்த்தால் 14,160. வருஷா வருஷம் ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) இறங்க இறங்க ஓ.டி.யும் கொஞ்சம் இறங்கும், அதனால் உண்மையான நஷ்டம் இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆக இன்றைக்கு வாங்கும் 13,400ஐ நாளைக்கு ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கட்டப்போகிறீர்கள். நடுவில் இன்னொரு பெரிய விபத்து வந்துவிட்டால் எப்படியும் போனஸ் போகும், அந்த ஆபத்தையும் கணக்கில் வைத்தால் கிளெய்ம் பக்கம் தராசு லேசாகச் சாயலாம். ஆனால் வேன் ஓனர் 15,000 தருகிறேன் என்று நிற்கும்போது யோசனையே வேண்டாம். அதை வாங்கிக்கொண்டு மிச்ச ஆறாயிரத்தை நீங்கள் போடுங்கள்.

அந்த பம்பருக்குக் கம்பெனி ஒரிஜினல்தான் வேண்டும் என்றில்லை, புதுப்பேட்டையில் நல்ல நிலையில் பழையது கிடைக்கும் என்று எழுதியவர் சொல்வது சரி. பம்பருக்கு ஓகே. லாம்ப் மட்டும் புதுசு போடுங்கள், உள்ளே ஈரம் புகுந்த லாம்பை வாங்கிவந்து அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2025 மே 18

இழை நின்றுபோயிருந்தாலும் மனசு ஆறாமல் மறுபடி எழுதுகிறேன். "போனஸ் என்பது கிளெய்ம் இல்லாததற்குக் கொடுக்கிற பரிசு, நல்ல டிரைவர் சர்டிபிகேட் இல்லை, அதனால் இதில் அநியாயம் எதுவும் இல்லை" என்று ஒரு ஏஜென்ட் நண்பர் மேலே விளக்கியிருக்கிறார். விதி அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் விதியை எழுதியவர்களிடமே எல்லாத் தகவலும் இருக்கிறது. யார் மோதினார் என்று சர்வேயர் எழுதுகிறார். எதிராளி வண்டி நம்பர் கிளெய்ம் ஃபார்மில் இருக்கிறது. எதிராளியின் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்பது ஒரு நிமிஷ வேலை. அவரிடம் வசூலிக்கும் உரிமை பாலிசியின் இரண்டாம் நிபந்தனையில் எழுதியே இருக்கிறது. பின்னால் வந்து மோதியது, நிறுத்தி வைத்த வண்டியில் மோதியது என்று சந்தேகத்துக்கே இடமில்லாத இரண்டு வகைக்காவது என்.சி.பி.யைத் தொடக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொன்னால் போதும். மோசடி நடக்கும் என்பார்கள். நடக்கும்தான், இன்றைக்கும் மோசடி நடக்காமலா இருக்கிறது? அதைப் பிடிக்கத்தானே சர்வேயர்.

புகார் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கிளெய்ம் தொகையைக் குறைத்தார்கள், காரணமில்லாமல் மறுத்தார்கள் என்றால் முதலில் கம்பெனிக்கு எழுதி, முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரை அவர் உத்தரவிடலாம். ஆனால் என்.சி.பி. போனதற்காக மட்டும் போனால் விதியைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அதை மாற்ற வேண்டுமென்றால் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத்தான் எழுத வேண்டும். எழுதியிருக்கிறேன். இன்னும் பத்துப் பேர் எழுதினால் நல்லது.

2025 செப்டம்பர் 14

கேள்வி கேட்டவர் தனிச் செய்தியில் சொன்னார், வேன் ஓனர் இரண்டு தவணையாகப் பணம் கொடுத்து முடித்துவிட்டார். பாலிசி இந்த மாதக் கடைசியில் முடிகிறது, ரினியூவல் நோட்டீஸில் 50% வந்திருக்கிறது. தேதியைத் தவறவிட வேண்டாம், முடிந்து 90 நாளைத் தாண்டினால் கிளெய்மே எடுக்காமலும் என்.சி.பி. போய்விடும். அப்புறம் இந்த முறை ஜீரோ டெப் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள், ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் தருவதில்லை.